பிரிவு பஸ் ஸ்டாப்பின் இடது மூலை

உங்க பஸ்சு போயிருச்சுங்க அம்முணி. இப்பத்தான், நீங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தீங்களே, அப்பத் தாண்டிப் போச்சு. அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆகும். வெயில்ல நிக்காதீங்க, இப்படிக் கடைக்குள்ள வந்து உக்காருங்க. அந்தத் துணிய எடுத்து மேல வெச்சுருங்க, ஒண்ணும் ஆகாது. நான் தெச்சுக்கிட்டே பேசறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த ஜாக்கெட்டைச் சாயந்தரத்துக்குள்ள குடுக்கணும்.

ஆமாங்க, அங்க போர்டுல இருக்கற மரகதம் நாந்தான். வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. போட்டோவுல கொஞ்சம் செவப்பா இருக்கேன். அது, இந்த பஸ் ஸ்டாப்பைப் புதுசு பண்ண வந்த புள்ள பிரவீணா கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணுச்சு. சேலை என்னுதுதான்.

மெட்ராஸ் காலேஜுல இருந்து வந்திருக்கீங்க, இந்த பஸ் ஸ்டாப்பைப் பத்தி எழுதறீங்க. சரிங்க, நல்லா எழுதுங்க. எழுத வேண்டியதுதான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நீங்க, ரோடு பிரியற இந்த வேலாங்காட்டுப் பிரிவுக்கு வந்திருந்தா இங்க பஸ் ஸ்டாப் ஒண்ணு இருக்குதுன்னே தெரிஞ்சிருக்காது. சுவரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டருங்க. ஒருத்தரு மேல ஒருத்தரு ஒட்டி, அவங்க மொகத்து மேல இன்னொருத்தரு. ஓரத்துல ஆம்பளைங்க ஒண்ணுக்குப் போவாங்க. பொம்பளைங்க முந்தானைய மூக்குல வெச்சுட்டு ரோட்டுல நின்னுதான் பஸ் ஏறணும். மழை வந்தா என் கடைக்கு ஓடி வருவாங்க.

இப்பப் பாருங்க. நீலச் சுவரு, அதுல மைனா, மயிலு. புஸ்தக அலமாரி. பெஞ்சு மேலயே தாயக்கட்டம் வரைஞ்சு வெச்சிருக்காங்க, மில்லுல ரிட்டயரான ஆளுங்க பஸ்ஸுக்கு வர்ற மாதிரி வந்து விளையாடிட்டுப் போறாங்க. சனிக்கிழமை சாயந்தரம் பிள்ளைங்க உக்காந்து படம் வரையுதுங்க. அபார்ட்மெண்டுல ஒரு பாட்டு டீச்சர் இருக்காங்க, அவங்க வந்து பாடுவாங்க. அந்த மொகம் பாக்கற கண்ணாடி இருக்குதில்லீங்களா, அது நான் கேட்டது.

ஆமாங்க, கேட்டுக் கேட்டுத்தான் பண்ணுனாங்க. பிரவீணாவும் அது கூட்டாளிங்க நாலு பேரும் ஒரு மாசம் தினம் வந்தாங்க. கலர் கலரா துண்டுக் காயிதம் குடுத்து, ‘இந்த பஸ் ஸ்டாப்புல உங்களுக்கு என்ன வேணும், எழுதிப் போடுங்க’ன்னு ஒரு டப்பா வெச்சாங்க. நான் கண்ணாடின்னு எழுதினேன். டீக்கடைக்காரரு லைட்டுன்னு எழுதினாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஊஞ்சல் வேணும்னு எழுதினதுங்க. அது மட்டும் முடியலை.

இடது மூலையில ஒருத்தரு உக்காந்திருப்பாருங்க அப்போ. எப்பவும் உக்காந்திருப்பாரு. தாடி, ஒரு சாக்குப் பை, கையில ஒரு கொடை. அவரையும் அந்தப் புள்ள விடலை. பக்கத்துல தரையில உக்காந்து, ‘ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?’னு கேட்டுச்சு. நான் இங்கிருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். ‘பைய மாட்டறதுக்கு ஒரு கொக்கி இருந்தாத் தேவலை’ன்னு சொன்னாராம். சுவத்துல கொக்கி அடிச்சுக் குடுத்துட்டாங்க. இப்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அதுல பைய மாட்டுதுங்க.

போர்டுல எழுதியிருக்கறது அவரைப் பத்தித்தானுங்க. ‘முன்பின் அறியாத ஒருவருக்கு ஆறு ஆண்டுகளாகத் தினமும் உணவளிக்கும் மரகதம் அக்கா.’ நீங்களும் அதைப் படிச்சுட்டுத்தானே கடைக்கு வந்தீங்க.

அதுல ஒரு வார்த்தை தப்புங்க. யாருகிட்டயும் சொன்னதில்லை. நீங்க இன்னைக்கு மெட்ராஸ் போயிருவீங்க, அதனால சொல்றேன். அந்த போன் பதிவு பண்ணுதுங்களா? அணைச்சுருங்க. சரிங்க.

அவரு முன்பின் அறியாதவரு இல்லீங்க. எங்கண்ணன். கூடப் பொறந்த அண்ணன். பேரு நாச்சிமுத்து.

எனக்கு ஏழு வயசு மூத்தவரு. எங்கப்பன் சீக்கிரமே போயிட்டாரு, அண்ணன்தான் எனக்கு எல்லாம். பம்பு கம்பெனியில லேத்துல நின்னாரு. என்னைக் கட்டிக் குடுத்தது அவரு. இந்த மிஷினு, இப்ப நான் தெச்சுட்டு இருக்கறது, கல்யாணத்துக்கு அவரு வாங்கிக் குடுத்த மிஷினுதான். மோட்டார் மட்டும் அப்புறம் வெச்சது. எனக்குக் கல்யாணம் ஆகி நாலஞ்சு வருசத்துல அவருக்கு அப்படி ஆயிருச்சு. தனியாப் பேசறது, ராத்திரி எந்திரிச்சு நடக்கறது, ஊட்டுல எல்லாரும் தன்னையே பாக்கறாங்கன்னு கதவச் சாத்திக்கறது. கம்பெனியில நிறுத்திட்டாங்க. எங்கம்மா இருந்த வரைக்கும் அவிநாசி பக்கத்துல பழைய ஊட்டுல வெச்சுப் பாத்துது. அம்மா போன பொறகு யாரு பாப்பாங்க? நாந்தான் கூட்டிட்டு வந்தேன். எங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலீங்க. நல்ல மனுசன். சாப்பிடறப்ப மட்டும் தட்ட எடுத்துட்டு வாசலுக்குப் போயிருவாரு. வேற ஒண்ணும் சொல்லலை.

மாத்திரை குடுத்தோமுங்க. கொஞ்ச நாளு குடுத்தோம். சாப்பிட்டா தூங்கிட்டே இருந்தாரு, கையெல்லாம் நடுங்குச்சு. பாவமா இருந்துச்சு, நிறுத்திட்டேன். அவரு யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாரு. சத்தம்கூடப் போட மாட்டாரு.

பொண்ணு பெருசாச்சு. ஊட்டுல அவரை வெச்சுக்க முடியலை. இந்தக் கடைக்குப் பின்னாடி ஒரு ரூமு இருக்குது பாருங்க, ராத்திரி கடை சாத்தி எல்லாரும் போன பொறகு அங்கதான் வந்து படுத்துக்குவாரு. ரூமுன்னா, துணி மூட்டை வெக்கற எடந்தான். ஆனா காத்து வரும். பகல்ல இங்க உக்கார வெக்க முடியுங்களா, நீங்களே சொல்லுங்க. பொம்பளைங்க வந்து அளவு குடுக்கற எடத்துல ஒரு ஆம்பளை உக்காந்திருந்தா யாரு வருவாங்க? அதனால நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல உக்கார வெச்சேன். இடது மூலையில. இங்க மிஷின்ல உக்காந்தா நேரா அந்த மூலை தெரியும். தலையத் தூக்கினா அவரு தெரிவாரு. ஆறு வருசம் என் கண்ணு முன்னாடியே வெச்சுப் பாத்துக்கிட்டேன். எந்தத் தங்கச்சி செய்வா?

மத்தியானம் டப்பாவுல சோறு கொண்டு போய்க் குடுப்பேன். ஒரு நாளு அபார்ட்மெண்டுல இருந்து ஒரு அம்மா, பேங்க்குல வேலை பாக்கறவங்க, பட்டு ஜாக்கெட் தெக்கக் குடுக்க வந்தாங்க. நான் ரோட்டைத் தாண்டி வர்றதப் பாத்துட்டு, ‘யாருங்க அவரு, தினம் சாப்பாடு குடுக்கறீங்க?’ன்னாங்க. வாயில வந்துருச்சு. ‘யாரோ பாவம்’னு சொல்லிட்டேன்.

திட்டம் போட்டெல்லாம் சொல்லலீங்க. புது வாடிக்கை, பெரிய எடம், எங்கண்ணன்னு சொன்னா என்ன நெனைப்பாங்களோன்னு ஒரு நொடிதான். அந்தம்மா அப்படியே என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. ‘உங்களை மாதிரி ஆளுங்களாலதான் மழை பெய்யுது’ன்னாங்க. அந்த வாரத்துல அபார்ட்மெண்டே தெக்கறதுக்கு என்கிட்ட வந்துருச்சு. பண்டிகைன்னா பலகாரம் குடுத்து விடுவாங்க, ‘உங்க ஐயாவுக்கும் குடுங்க’ம்பாங்க. நான் எப்படிங்க போய், அது பொய், அவரு எங்கண்ணன்னு சொல்றது? எந்த நாளு போய்ச் சொல்றது? ஒரு நாளு தள்ளுனா அடுத்த நாளு அதுக்கு மேல கஷ்டம்.

பிரவீணாவும் அதைத்தான் நம்புச்சு. போர்டுல போடறேன்னுச்சு. நான் ‘வேண்டாம் கண்ணு’ன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ போட்டோ எடுக்க வந்துருச்சு. வந்த புள்ளைய அனுப்ப முடியுங்களா? அதுக்குத்தான் அந்த மாம்பழக் கலர் சேலை கட்டினது.

அப்புறந்தான் எம்பட பொண்ணு கோகிலாவுக்கு வரன் வந்துச்சு. கோபி பக்கம், நல்ல குடும்பம். பையன் கூட்டுறவு சொசைட்டியில வேலை. கார்த்திகை மாசம் பொண்ணு பாக்க வந்தாங்க. எங்க ஊட்டுக்கு வழி தெரியாம இந்தப் பிரிவுல காரை நிறுத்தி எறங்கியிருக்காங்க. எறங்கினவங்க போர்டப் பாத்துட்டாங்க. அப்பத்தான் அதை மாட்டி நாலு நாளு ஆகியிருந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா ஊட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல என்னைத்தான் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. ‘பொண்ணை அப்புறம் பாத்துக்கறோம். முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குச் சோறு போடற ஊட்டுல பொண்ணு எடுக்கறது எங்க பாக்கியம்’னாங்க. காப்பி குடிக்கறதுக்குள்ள முடிவு ஆயிருச்சுங்க. கோகிலா என்னைப் பாத்துச்சு. நான் சுவத்தைப் பாத்தேன்.

அந்த வாரம் அண்ணனுக்குக் கறிக்குழம்பு வெச்சுக் கொண்டு போனேன். சாப்பிட்டுட்டு, ‘கோகிலாவுக்குப் பேசியாச்சா பாப்பா?’ன்னு கேட்டாரு. என்னைப் பாப்பான்னுதான் கூப்பிடுவாரு. யாரு சொன்னாங்கன்னு தெரியலை. எதுத்தாப்புல உக்காந்திருக்கற ஆளு, எல்லாம் பாக்கத்தானே செய்வாரு. ‘பேசியாச்சுண்ணா’ன்னேன். ‘நல்லது’ன்னாரு. அவ்வளவுதான்.

தை மாசம் திறப்பு விழா வெச்சாங்க. கவுன்சிலரு வர்றாரு, டிவிக்காரங்க வர்றாங்கன்னு பேச்சு. அபார்ட்மெண்டு சங்கத்துச் செயலாளரு, ‘அந்த ஆளு அன்னைக்கு அங்க இருக்கக் கூடாது’ன்னாரு. பிரவீணா சண்டை போட்டுச்சுங்க. ‘அவருக்கும் சேத்துத்தான் கட்டினோம், அவருக்கு இல்லாத எடம் வேற யாருக்கு’ன்னு பேசுச்சு. கடைசியில அதுவேதான் வழி கண்டுபுடிச்சுச்சு. மனநிலை சரியில்லாதவங்களுக்கு ஒரு காப்பகம் இருக்குது, டாக்டரு இருக்காரு, நல்லா பாத்துக்கறாங்க, ‘நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்க்கா’ன்னு என்கிட்ட வந்து சொல்லுச்சு. ‘குணம் ஆயிருவாருக்கா’ன்னு சொல்றப்ப அந்தப் புள்ளைக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. என்னத்தச் சொல்றது? நல்லது பண்றவங்கள எப்படித் தடுக்கறது?

மார்கழி கடைசியில ஒரு நாளு வேன் வந்துச்சு. கூட ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஏட்டையா. கேட்பாரில்லாத ஆளுன்னு எழுதி, உள்ளூர்ல ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போட்டாத்தான் சேத்துக்குவாங்களாம். செயலாளரு ஒண்ணு போட்டாரு. ‘அடுத்தது அந்த அக்கா போடட்டும், ஆறு வருசமாப் பாக்கறாங்க’ன்னு பிரவீணா என்னைக் கூப்பிட்டுச்சு.

அன்னைக்குன்னு பாத்து என் சம்பந்தியம்மா கடையில உக்காந்திருந்தாங்க. நிச்சயத்துக்குப் போடற ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தாங்க. இதோ, நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூலு. நான் ரோட்டைத் தாண்டிப் போறேன், அவங்களும் பின்னாடியே வந்துட்டாங்க.

ஏட்டையா நோட்டை வெச்சுக்கிட்டுக் கேட்டாரு. ‘இவருக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களாம்மா? உங்களுக்குத் தெரியுமா?’

அண்ணன் மூலையில, மூணு எட்டு தூரத்துல உக்காந்திருக்காரு. சம்பந்தியம்மா என் தோளை ஒட்டி நிக்கறாங்க. பிரவீணா பேனாவ நீட்டிட்டு இருக்குது.

‘யாரும் இல்லீங்க’ன்னேன்.

எழுதிப் படிச்சுக் காட்டினாரு. கையெழுத்துப் போட்டேன்.

வேன்னாலே எங்கண்ணனுக்கு ஆகாதுங்க. அந்தக் காலத்துல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு நாலு பேரு புடிக்கணும். அன்னைக்குப் புடிக்கப் போனவங்களை, ‘வேண்டாம், நானே வர்றேன்’னு சொல்லி எந்திரிச்சுட்டாரு. பையக் கொக்கியில இருந்து எடுத்துக்கிட்டாரு. சோத்து டப்பாவ எங்கிட்ட நீட்டினாரு. ‘இந்தாங்கம்மா, கழுவி வெச்சிருக்கேன்’னாரு.

அம்மான்னாரு அம்முணி. ங்க போட்டு. பொறந்ததுல இருந்து பாப்பான்னு கூப்பிட்டவரு. அவ்வளவு தூரம் புத்தி கலங்கிப் போச்சேன்னு அன்னைக்கு ராத்திரியெல்லாம் அழுதேன். கூடப் பொறந்தவளையே அடையாளம் தெரியாம போயிருச்சே, இனி அங்க இருந்தாலும் ஒண்ணு, இங்க இருந்தாலும் ஒண்ணுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

விழா நல்லா நடந்துச்சு. எனக்குப் பொன்னாடை போத்தினாங்க.

வைகாசியில கோகிலா கல்யாணம். எங்க பக்கத்துல கல்யாணம்னா தாய்மாமன் இல்லாம ஒண்ணும் நடக்காதுங்க. மாமன்தான் சீரு கொண்டாரணும், மாமன்தான் மாலை எடுத்துக் குடுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ‘மாமன் எங்கே, மாமனைக் கூப்பிடு’ன்னு சத்தம் போடுவாங்க. சம்பந்தியம்மா கேட்டாங்க, ‘உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லையா?’ன்னு. ‘இல்லீங்க’ன்னேன். எங்க பெரியப்பன் மகன் சிவலிங்கம் மாமனா நின்னாரு. அவருக்கு எல்லாம் தெரியும். சீர்த்தட்டைத் தூக்கறப்ப என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் சாப்பிடாமலே போயிட்டாரு. கல்யாண ஊட்டுல சாப்பிடாமப் போறது எவ்வளவு தப்பு, பாருங்க.

இனிமே என்ன, பொண்ணு போயாச்சு, அண்ணனைக் கூட்டிட்டு வந்துரலாம்னு ஆடி மாசம் காப்பகத்துக்குப் போனேன். ரெண்டு பஸ் மாறணும். ஊட்டுக்காரருகிட்டச் சொன்னேன், வரலைன்னுட்டாரு. வேண்டாம்னும் சொல்லலை.

அங்க பொறுப்பா இருக்கற ஐயா தங்கமான மனுசன். உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாரு. நான் நாச்சிமுத்துவோட தங்கச்சி, கூட்டிட்டுப் போக வந்தேன்னு சொன்னேன். ஃபைலை எடுத்துப் பாத்தாரு. ‘உறவினர் இல்லைன்னு எழுதியிருக்கும்மா. சாட்சி மரகதம். அது யாரு?’ன்னாரு. ‘நாந்தானுங்க’ன்னேன். கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சுட்டாரு.

‘அன்னைக்கு யாரும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்க. இன்னைக்குத் தங்கச்சிங்கறீங்க. நான் எதை நம்பறது? நாளைக்கு யாரோ ஒருத்தர் வந்து சொந்தம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய்க் கொத்தடிமையா வெச்சா நாந்தாம்மா பதில் சொல்லணும்.’

அவரு சொல்றது நாயந்தானுங்களே. ஆதாரம் கேட்டாரு. அண்ணனுக்கு ஆதார் எடுக்கலை, போட்டோ புடிக்கற அந்த லைட்டுக்கு முன்னாடி உக்கார மாட்டேன்னுட்டாரு. ரேசன் கார்டு புதுசு மாத்தறப்ப பேரு விட்டுப் போச்சு. பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட் பழைய ஊட்டுல கரையான் தின்னது. என் கல்யாணப் போட்டோ ஒண்ணு கொண்டு போயிருந்தேன். அதுல பக்கத்துல நிக்கறாரு, முழுக்கைச் சட்டை போட்டு, மீசை முறுக்கி. அந்த ஐயா ரொம்ப நேரம் பாத்தாரு. ‘இது அவருதான்னு எப்படிம்மா சொல்றது’ன்னாரு. ‘சரி, அவரையே கேட்போம்’னு கூட்டிட்டு வரச் சொன்னாரு.

வந்தாருங்க. எனக்கே அடையாளம் தெரியலை. தாடி இல்லை. முடி வெட்டி எண்ணெய் வெச்சிருக்காங்க. உடம்பு தேறிப் போச்சு. வெள்ளைச் சட்டை. நேரா நிமிந்து நடந்து வர்றாரு. அங்க மாத்திரை ஒழுங்காக் குடுக்கறாங்களாம், ஆறு மாசத்துல நல்ல மாத்தமாம். தோட்டத்துல மோட்டார் பம்பு ரிப்பேர் ஆனா அவருதான் பாக்கறாராம். அந்த ஐயா பெருமையாச் சொல்றாரு. நல்லாத்தானே இருக்காரு, சந்தோசப்பட வேண்டியதுதானே. நான் ஆறு வருசம் என் கையால சோறு போட்டு அப்படி ஆகலையேன்னு ஒரு நெனப்பு வந்துருச்சு.

‘நாச்சிமுத்து, இந்தம்மா யாருன்னு தெரியுதா?’

என்னைப் பாத்தாருங்க. நிதானமாப் பாத்தாரு. ‘தெரியுதுங்கய்யா. பஸ் ஸ்டாப்புல எனக்குச் சோறு குடுக்கற அம்மா. ரொம்ப நல்லவங்க.’

‘உங்க தங்கச்சின்னு சொல்றாங்களே?’

‘இல்லீங்கய்யா. எனக்கு யாருமில்லை.’

நான் அழுதுட்டேன். அந்த ஐயாவுக்கு என் மேல கோவம் இல்லீங்க, பரிதாபம். ‘பாசத்துல அப்படிச் சொல்றீங்க போலிருக்குதும்மா, புரியுது. நீங்க ஞாயித்துக்கிழமை வந்து பாக்கலாம், பலகாரம் குடுக்கலாம், தடை ஒண்ணும் இல்லை’ன்னு சொல்லிட்டு, போன் வந்துச்சுன்னு வராந்தாவுக்குப் போனாரு.

அவரு அந்தப் பக்கம் போனதும் அண்ணன் என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. மெதுவா, ‘பாப்பா’ன்னாரு. ‘கோகிலா கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?’

‘முடிஞ்சுதுண்ணா.’

‘மாமன் சீரு யாரு செஞ்சா?’

‘சிவலிங்கண்ணன்.’

‘நல்லது. அவன் நல்லாச் செஞ்சிருப்பான்.’

‘கூட வந்துருங்கண்ணா. நான் தங்கச்சிதான்னு அந்த ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்’னேன்.

‘வந்தா? மாப்பிள்ளை ஊட்டுல என்ன சொல்லுவ?’

நான் அந்தக் கல்யாணப் போட்டோவ எடுத்துப் பைக்குள்ள வெச்சேனுங்க. ஏதாச்சும் சொல்லியிருக்கலாம். என்ன ஆனாலும் பாத்துக்கலாம்னு சொல்லியிருக்கலாம். பஸ்ஸுல திரும்பி வர்றப்ப எல்லாம் வரிசையாத் தோணுச்சு. அப்பத் தோணலை.

என் கையத் தட்டிக் குடுத்தாரு. சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்னு அழுதா இப்படித்தான் தட்டுவாரு. ‘கெளம்பு பாப்பா, கடைசி பஸ்ஸை உட்றாத’ன்னாரு. அந்த ஐயா திரும்பி வந்ததும் எந்திரிச்சு நின்னு கும்பிட்டு, ‘போயிட்டு வாங்கம்மா’ன்னாரு.

அவருக்கு இன்னும் முழுசாத் தெளியலீங்க, இல்லீங்களா? ஒரு நேரம் தெரியுது, ஒரு நேரம் தெரியலை. அந்த நோய் அப்படித்தான்னு சொல்றாங்க. நான் அப்படித்தான் நெனச்சுக்கறேன். வேற மாதிரி நெனச்சா மிஷின்ல உக்கார முடியலை.

அதுக்கப்புறம் நாலு ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தேன். பலகாரம் கொண்டு போறவங்க எல்லாருக்கும் சேத்துத்தான் குடுக்கணும், தனியா ஒருத்தருக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம். நூறு பேரு வரிசையில வருவாங்க. அவரும் தட்டை நீட்டுவாரு. ஆளு பாத்து அதிகம் வெக்க முடியாது.

பிரவீணாகிட்டச் சொல்லலாமான்னு பாத்தேன். அது இப்போ பெங்களூர்ல, இந்த மாதிரி இன்னும் பத்து பஸ் ஸ்டாப் பண்ணுது. போன் அடிச்சேன். ‘சொல்லுங்கக்கா, உங்க கதையத்தான் எல்லா ஊர்லயும் சொல்றேன்’னுச்சு. நல்லா இருக்கியா கண்ணுன்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்.

அதனாலதானுங்க உங்களை உள்ள கூப்பிட்டேன். நீங்க படிச்சவங்க. காலேஜுல இருந்து ஒரு லெட்டர் போனா அந்த ஐயா கேப்பாரு. இந்தம்மா சொல்றது நெஜந்தான், விசாரிச்சோம்னு ஒரு நாலு வரி. இந்தாங்க, அளவு நோட்டுலயே ஒரு பக்கம் கிழிச்சுத் தர்றேன், பேனாவும் இருக்குது. ஐயா பேரு சொல்றேன், எழுதிக்கங்க.

அண்ணன் தங்கச்சின்னு போடறீங்களா? போடுங்க.

இருங்க அம்முணி. கொஞ்சம் இருங்க. கோகிலா மாசமா இருக்குதுங்க, ஆறு முடியப் போகுது. அடுத்த மாசம் வளைகாப்பு. சம்பந்தியம்மா தினம் போன் பண்றாங்க. அந்த லெட்டரு எங்கெங்க போகும், யாரு யாரு பாப்பாங்கன்னு தெரியலை. காப்பகத்துல இருந்து ஊட்டுக்கு விசாரிக்க வருவாங்களாமே? வளைகாப்பு சமயத்துல வந்து நின்னா என்னத்தப் பண்றது?

எழுதுங்க, எழுத வேண்டாம்னு சொல்லலை. உறவுன்னு போடற எடத்துல மட்டும் இப்போதைக்கு ‘தெரிஞ்சவர்’னு போட்டுக்கங்க. குழந்தை பொறந்து கோகிலா நல்லபடியா மாமியா ஊடு சேந்துட்டா, அப்புறம் மாத்திக்கலாமில்லீங்க?